ஆட்டம் இழந்த பாட்டு

பாலர் வகுப்பில் பாட்டு எதற்கு? மனப்பாடத்திற்கு என்பதே பலர் தரும் விடை. குழந்தைகள் கைகட்டி நின்று ஒரே குரலில் ஒப்புவித்துவிட்டால் பாடம் முடிந்ததெனக் கருதுகிறோம். இக்கருத்து நம் மரபுக்கு மாறானது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழையும், பின்னர்க் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழையும் கற்ற ஆசிரியர்கள் பருவப் பெயர்களைச் சற்றே நினைவு கூர்க. செங்கீரை, கையூன்றித் தலைநிமிர்த்தி ஆடுதல், சப்பாணி, கைகொட்டுதல், அம்புலி, நிலவை விளையாட அழைத்தல், சிறுபறை, முழக்குதல், சிறுதேர், உருட்டுதல். இவையெல்லாம் குழந்தையின் செயல்கள். செய்யுள் புலவருடையது, அதற்கு அடிநிலையாய் நின்றது தாயின் விளையாட்டு. 1840-இல் தம் பள்ளிக்குக் 'குழந்தைகள் தோட்டம்' எனப் பெயரிட்ட ஜெர்மானிய அறிஞர் ஃபுரோபெல், 1844-இல் தாய்ப்பாட்டு நூலொன்றை வெளியிட்டபோது, பாட்டோடு கைவிளையாட்டையும் இணைத்தே தந்தார். நம் தாய்மார் ஏடின்றி அறிந்திருந்ததை அவர் ஏட்டில் வைத்தார் எனலாம்.

இனி, நம் தோட்டப்புறத்தைக் காண்போம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. ஆனால் அது கொண்ட பள்ளி வயது ஏழில்தான் தொடங்கிற்று. அதற்கு இளைய குழந்தைகளுக்கு ஆயாக் கொட்டகையே பள்ளி. கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களில், தாய் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று பால்மரம் வெட்டிய காலத்தில், தாலாட்டுக்கும் கைகொட்டுப் பாட்டுக்கும் ஆயாவும் பாட்டியுமே துணை. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, குடும்பங்கள் பட்டணம் சேர்ந்தன. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொணர்ந்தது. ஆயாவின் இடம் இன்று பாலர் வகுப்பு ஆசிரியையுடையது. அவரும் ஒப்புவிக்க மட்டுமே கற்பித்தால், அந்த ஆட்டங்களைக் குழந்தைக்குக் காட்ட வேறு யார் உளர்?

பாட்டுகளிலும் குறையுண்டு. கவிமணியின் 'மலரும் மாலையும்', அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' ஆகியவற்றின் எளிமைக்கு ஈடில்லை. ஆயினும் அவற்றிற் பல, எழுத்தறிந்த பிள்ளைக்கே முழுச்சுவை தருவன. அவர்களைப் பின்பற்றினோர் பலர் எளிமையை விட்டு அறிவுரையை மட்டும் எடுத்துக்கொண்டனர். நான்கு வயதுக் குழந்தைக்கு இறுதியடியில் நீதி எதற்கு?

அதனினும் பெரிய குறை இரவல் மெட்டு. ஆங்கிலப் பாட்டின் மெட்டில் தமிழ்ச் சொற்களை அடைக்கும்போது, மெட்டு நீளுமிடத்தில் குறில் நெடிலாகிறது. 'பல்' என்பது 'பால்' ஆகிறது. 'படம்' என்பது 'பாடம்' ஆகிறது. ஆங்கிலத்தில் உயிரை நீட்டிப் பாடினும் சொல் பெரும்பாலும் மாறாது. தமிழில் பொருளே மாறிவிடும். குறில் நெடில் வேறுபாட்டைச் செவி பழகவேண்டிய வயதில் பாட்டே அதைக் குலைக்கலாமா? மெட்டு இனிது, குழந்தை விரும்புகிறது என்பர். உண்மையே. ஆனால் கைகொட்டும் தாளத்தையும் குழந்தை விரும்பும். அத்தாளம் நம் சொல்லின் மாத்திரையைச் சிதைப்பதில்லை.

ஆகவே, பாலர் பாட்டுக்கு இரண்டு சோதனைகள் போதும். பாடும்போது கையோ காலோ செய்வதற்கு வேலையுண்டா? குறில் குறிலாகவும் நெடில் நெடிலாகவும் ஒலிக்கின்றனவா? கம்போங் குவாந்தான் ஆற்றங்கரை மின்மினிக்குக் கைவிரல்களை மூடித் திறந்து பாடலாம். ரப்பர் விதைகளைக் குழிக்கொன்றாய் இட்டு எண்ணிப் பாடலாம். பொருள் நம் மண்ணிலேயே கிடக்கிறது. ஆசிரியைமார் முதலில் தம் வீட்டுப் பாட்டிமாரிடம் கேட்டு, பாட்டோடு அதன் ஆட்டத்தையும் குறித்து வைப்பாராக. சொல்லை மட்டும் குறிப்பது பாதி வேலையே.