வூடி கத்ரி: வானொலியும் மக்கள் பாடகரும்

ஏழைகளிடையே பிறந்துவிட்டாற் போதும், ஒருவன் மக்கள் கலைஞனாகிவிடுவான் என்று கருதுவோர் நம்மிடையே உளர். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வூடி கத்ரியின் (1912-1967) வாழ்வு இக்கருத்தை மறுக்கின்றது. ஒக்லஹோமாவில் நிலவியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். குடும்பத்தின் வீழ்ச்சியும், 1930களின் பொருளாதார மந்தமும் புழுதிப்புயலுமே, கலிபோர்ணியாவுக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற விவசாயிகளோடு அவரைச் சேர்த்தன.

1937இல் லொஸ் ஏஞ்சல்ஸ் வானொலி நிலையமொன்றில், மக்சீன் கிறிஸ்மன் என்பாருடன் இணைந்து பாடவும் பேசவும் தொடங்கினார். பழைய நாட்டுப்புறப் பாடல்களே அப்போது அவரது கைம்முதல். தென்மாநில வெள்ளையரின் நிறவெறிச் சொற்களும் அவற்றோடு வந்தன. கறுப்பின நேயர் ஒருவர் கண்டித்துக் கடிதம் எழுதினார். கத்ரி அக்கடிதத்தை நிகழ்ச்சியிலேயே வாசித்து, மன்னிப்புக் கோரி, அப்பாடலைக் கைவிட்டார். அவருடைய வரலாற்றில் இச்சம்பவத்துக்கே நாம் முதலிடம் அளிப்போம். முகமறியாத நேயர் ஒருவரிடம் பாடங் கேட்கும் பணிவு எல்லா ஒலிபரப்பாளருக்கும் வாய்ப்பதில்லை.

பணிவு வேறு, பணிந்துபோதல் வேறு. 1940இன் இறுதியில் நியூயோர்க்கில், புகையிலைக் கம்பனியொன்றின் ஆதரவில் நாடளாவிய வானொலி நிகழ்ச்சியொன்று அவருக்குக் கிடைத்தது. ஊதியம் பெரிது, பாட்டுக்கும் பேச்சுக்கும் விதிக்கப்பட்ட கட்டுப்பாடும் பெரிது. 1941இன் தொடக்கத்திலேயே அதை உதறிச் சென்றார்.

அரசியல் அவரது கலையைக் கெடுத்துவிட்டது எனக் கூறும் தூய அழகியலாளருக்கு 1948ஆம் ஆண்டின் படைப்பொன்றை நாம் சுட்டிக்காட்டுவோம். அவ்வாண்டு சனவரியில், மெக்சிக்கத் தொழிலாளரை நாடுகடத்த ஏற்றிச் சென்ற விமானம் கலிபோர்ணியாவில் வீழ்ந்து 32 பேர் மாண்டனர். விமானப் பணியாளரினதும் காவலரினதும் பெயர்களை வெளியிட்ட தேசியச் செய்திகள் பலவும், ஏனைய 28 பேரையும் 'நாடுகடத்தப்பட்டோர்' என்ற ஒரே சொல்லில் அடக்கின. அச்சொல்லின் கொடுமையையே கத்ரி பாடலாக்கினார். அதில் முழக்கமில்லை, பழம் பறித்த கைகளும், அவற்றுக்குரியோரின் பெயரின்மையும் இருக்கின்றன. மெட்டைப் பின்னர் வேறொருவர் அமைத்தார். அவர்களது பெயர்கள் பொறித்த கல்லறைக்கல் பிரெஸ்னோ நகரில் நாட்டப்பட்டது 2013இலேதான்.

பிற இனத்தாரை இழிவுசெய்யும் பாட்டைப் பாடியவர், பதினோராண்டுகளுள் பிற இனத்தாரின் பெயருக்காக வாதாடும் பாட்டை எழுதினார். இம்மாற்றத்தை விளைவித்தவை உழைப்பாளரோடு கொண்ட உறவும், கண்டனத்துக்குச் செவிசாய்த்த நேர்மையுமாம். தமது வாசகரின் கடிதங்களைக் குப்பைக்கூடையில் இடும் எழுத்தாளர் இதனைச் சிந்திப்பாராக.