தன்னைத் தானே விசாரிக்கும் படை

காஞ்சிபுரத்தின் தறி வீதிகளில் நடப்பவர்க்கு, அங்கே பட்டு நெய்யும், கைக்கோளர் என்றும் அழைக்கப்படும் செங்குந்தரின் முன்னோர் ஒரு காலத்தில் வாளேந்திச் சோழரின் சேனையில் நின்றவர்கள் என்பது எளிதில் தோன்றாது. ஆயினும் சோழர் கல்வெட்டுகளில் காணும் ‘தெரிஞ்ச கைக்கோளர்’ என்னும் படைகள் பொறுக்கியெடுத்த வீரர்களால் ஆனவை என்றே வரலாற்றாசிரியர் கருதுவர். ஆகவே விசேஷப் படை என்பது நமக்குப் புதியதன்று. அப்படையினர் குடிமக்களுக்குத் தீங்கிழைத்தால் விசாரிப்பவர் யார் என்பதே இக்காலம் எதிர்கொள்ளும் பிரச்சினை. படைத்துறையே முதலில் விசாரிக்கட்டும், பொது நியாயஸ்தலத்துக்குச் செல்வதாயின் மத்திய சர்க்காரின் முன் அனுமதி வேண்டும் என்பது இன்றைய வழக்கம். இதன் குணமும் குற்றமும் சீர்தூக்கத் தக்கவை.

இவ்வழக்கத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எதிரி எத்திசையில் பதுங்கியிருக்கிறான் என்று அறியாத வனத்தில், இருளில், கணப்பொழுதில் முடிவெடுக்க வேண்டிய சிப்பாயின் செயலை, பல மாதங்களுக்குப் பின் சாவதானமாக அமர்ந்து ஆராய்பவர் சரியாக எடைபோடுவது அரிது. பொய் வழக்குகளால் வீரர்களை அலைக்கழிக்க முயல்வோரும் உண்டு. அன்றியும், மனம் வைத்தால் படை தன் குற்றத்தைத் தானே வெளியிடக்கூடும் என்பதற்கு ஆஸ்திரேலியா உதாரணம். ஆப்கானிஸ்தானில் அந்நாட்டு விசேஷப் படையினர் 39 பேரைச் சட்டவிரோதமாகக் கொன்றதற்கு நம்பத்தக்க தகவல் உண்டென்றும், அதில் 25 வீரர்கள் சம்பந்தப்பட்டவர்கள் என்றும், ராணுவமே தொடங்கி நீதிபதி பால் பிரெரட்டன் நடத்திய விசாரணை 2020 நவம்பரில் அறிவித்தது. கொல்லப்பட்டவனருகே ஆயுதத்தைப் போட்டுவைத்து அவனைப் போராளியாகக் காட்டிய வழக்கத்தைக்கூட அவ்வறிக்கை மறைக்கவில்லை. ஆனால் அந்த ராணுவம் அத்துடன் நில்லாமல், மேல்நடவடிக்கையைத் தனக்கு வெளியிலுள்ள குற்ற விசாரணை அமைப்பிடம் ஒப்படைத்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டு அனுபவமோ வேறு. 2021 டிசம்பர் 4, சனிக்கிழமை மாலை, நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில், நிலக்கரிச் சுரங்க வேலை முடிந்து ஓட்டிங் கிராமத்துக்கு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளரைத் தீவிரவாதிகள் என்று கருதி, 21 பாரா விசேஷப் படையினர் சுட்டதில் அறுவர் மாண்டனர். தேடி வந்த ஊராரோடு மூண்ட கலவரத்தில் மேலும் ஏழு பேரும் ஒரு சிப்பாயும் உயிரிழந்தனர். மாநிலப் போலீசாரின் தனிக்குழு 30 படையினர்மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஆயுதப் படைகள் விசேஷ அதிகாரச் சட்டம், 1958-இன் ஆறாம் பிரிவு கோரும் அனுமதியை மத்திய சர்க்கார் 2023-இல் மறுத்தது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அனுமதி கிடைத்தால் வழக்கைத் தொடரலாம், ராணுவம் தன் ஒழுங்கு நடவடிக்கையை எடுக்கலாம் என்று கூறி நடவடிக்கைகளை முடித்துவைத்தது. மாண்டவர் தீவிரவாதிகள் அல்லர் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் பிழை யாருடையது என்று சாட்சிகளை விசாரித்துச் சொல்லும் பொது நீதிமன்றம்தான் இல்லை.

போலீசிலிருந்து பொறுக்கியெடுத்த படைகளின் கதையும் இதற்கு அதிக தூரத்தில் இல்லை. வீரப்பனைத் தேடிய சிறப்பு அதிரடிப்படையினர் மலைக்கிராமத்தாரைச் சித்திரவதை செய்ததாக எழுந்த புகார்களைத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு விசாரித்தது. 2004 அக்டோபர் 18-இல் வீரப்பன் கொல்லப்பட்டவுடன் படையினருக்குப் பதவி உயர்வும் ரொக்கமும் வீட்டுமனையும் தமிழக அரசால் அறிவிக்கப்பட்டன. பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2 கோடியே 80 லட்ச ரூபாய் நிவாரணத்தை ஆணையம் பரிந்துரைத்தது 2007-இல்தான். நிவாரணம் கண்ணீரைத் துடைக்கலாம். அடித்தவன் பெயரைச் சொல்லாது.

இலங்கையில், 2000 டிசம்பரில் மிருசுவிலில் ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுத் தமிழர் கொலையுண்டதற்காக ராணுவத்தின் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015-இல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்து, உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பின்னரும், 2020 மார்ச்சில் ஜனாதிபதியின் மன்னிப்பு அவரை விடுதலை செய்தது. புற நீதிமன்றமும் ஆட்சியாளரின் பேனாவுக்குக் கீழ்ப்பட்டதாயின் பயனற்றுப்போகும்.

இவற்றின் காரணம் வீரர்களின் இயல்பில் இருப்பதாகச் சொல்லக் கூடாது. ‘நாம் மற்றவரைப் போன்றவர் அல்லர்’ என்னும் பெருமிதமே அவர்களை மரணத்தின் எதிரே நிறுத்துகிறது. தோழனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற வாய்ப்பூட்டையும் அதே பெருமிதமே போடுகிறது. ஆகவேதான் புறத்தாரின் சோதனை வேண்டும். காஞ்சிபுரத்தில் எத்துணைக் கைதேர்ந்த நெசவாளராயினும், அவர் புடவைச் சரிகையில் தங்கமும் வெள்ளியும் எவ்வளவு என்பதற்கு அவர் வாய்ச்சொல் சான்றாகாது, சோதனையே சான்று. அதை அவர் அவமானமாக நினைப்பதும் இல்லை.

படைக்குள் நிகழும் ஒழுங்கீனங்களைப் படையே விசாரிக்கட்டும். அதற்குரிய ஞானமும் அதிகாரமும் அதற்கு உண்டு. குடிமகன் உயிர் போன இடத்தில், அனுமதிக் கோரிக்கைக்குக் குறித்த கால எல்லைக்குள் விடை சொல்லவும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் வெளியிடவும், அக்காரணத்தை உயர் நீதிமன்றம் பரிசீலிக்கவும் ஆறாம் பிரிவைப் பாராளுமன்றம் திருத்த வேண்டும். பெரும்பாலான வீரர்கள் நேர்மையானவர்கள். அவர்களின் நற்பெயரைக் காப்பதற்கும் இதுவே வழி.