இருபத்தைந்து மடங்கும் அரைப்பேரும்

ஓய்வுக்காலத்துக்கு ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு சேர்த்துவிடுங்கள் என்று நிதி ஆலோசனைக் காணொளிகள் ஓயாமல் சொல்கின்றன. எல்லவில் சுற்றுலா விடுதியொன்றில் வேலைசெய்யும் பையன் ஒருவன், கொழுந்தெடுக்கும் தன் அம்மாவுக்கு அந்தக் கணக்கைக் கைப்பேசியில் போட்டுக் காட்டியபோது நானும் அவர்கள் குடியிருக்கும் லய வாசலில் இருந்தேன். "தொண்ணூத்தி மூணு லட்சம் வேணும்மா" என்றான். அவர் கறையேறிய விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

விதிக்கு அதன் இடத்தில் மதிப்புண்டு. வில்லியம் பெங்கன் 1994இல் அமெரிக்கப் பங்குகள், கடன்பத்திரங்களின் பழைய வருமானத்தை ஆராய்ந்தார். முதல் ஆண்டு சேமிப்பில் 4 வீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொண்டே போனாலும் பணம் 30 ஆண்டு தாங்கும் என்றார். அந்த 4 வீதத்தைத் திருப்பிப் போட்டால் வருவதுதான் 25 மடங்கு. குத்துமதிப்பாக வாழ்வதைவிட ஓர் இலக்கம் நல்லதுதான்.

ஆனால் இந்த விதி செலவை மட்டும் கேட்கிறது, கூலியைக் கேட்பதே இல்லை. நாட்கூலி 1,350 ரூபாய், மாதம் 25 பேர், அதாவது 25 நாள் முழுக்கூலி, என்று வைப்போம். சம்பளம் 33,750. ஊழியர் சேமலாப நிதிக்கு அந்த அம்மாவிடம் 8 வீதம், தோட்டத்திடம் 12 வீதம், ஆண்டுக்கு 81,000. கைக்கு வரும் 31,050 முழுவதும் வீட்டுச் செலவுக்கே போகிறது. அதன் 25 மடங்குதான் பையன் சொன்ன 93 லட்சம். வட்டி விலைவாசியை ஈடுகட்டினால் போதும் என்றாலும் அதைச் சேர்க்க 115 ஆண்டு! கூலி இரட்டித்து, செலவும் கூடவே இரட்டித்தால் அப்போதும் 115தான். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டு நிதி கொடுத்த வட்டி 9 வீதம். பழைய கூலியிலிருந்து வெட்டிய காசு அப்படியே கரைந்தது.

இத்தனைக்கும் 25 பேர் என்பது தாராளக் கணக்கு. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. வேலை கொடுக்காத நாளுக்கு அதுவும் இல்லை. லயக் காம்பராவும் அவர் பெயரில் இல்லை. இப்படிப்பட்டவரிடம் போய் "முன்கூட்டியே தொடங்கியிருக்க வேண்டும்" என்று சொல்வது கொடுமை. கூலியின் குறையை அவருடைய ஒழுக்கக் குறையாக்கும் பேச்சு அது.

1983ஆம் ஆண்டுச் சட்டப்படி கிடைக்கும் சேவைக்காலப் பணத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் 14 நாட்கூலி, அதுவும் கடைசியாக வாங்கிய கூலியில். 30 ஆண்டுக்கு 5,67,000 ரூபாய். தொகை சிறிதுதான். ஆனால் நாட்கூலி ஏறும்போது கடந்த 30 ஆண்டுக்கும் சேர்த்து ஏறுகிற பணம் இது ஒன்றே. தோட்டத்து முதுமையைக் கணக்கிடுகிறவர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நான் பார்த்த காணொளி எதிலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த அம்மா கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "அரைப்பேரு போட்ட நாளெல்லாம் எதுலப்பா போடுற?"

பையன் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். மாதச் சம்பளத்துக்கு மட்டும் ஒரு கட்டம் இருந்தது.