தன்னைப் புகழ்தல் தகுமா?

கவிஞன் தன் கவிதைக்குத் தானே பறை கொட்டலாமா? இவ்வினா இன்று நம் இல்லங்களில் அடிக்கடி எழுகிறது. அரபு எழுத்தணி வரையும் பெண்மணியும், இஸ்லாமிய கீதம் பாடும் இளைஞரும், கைப்பணத்தில் நூல் அச்சிட்ட புலவரும் தம் படைப்பை முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் தாமே அறிவிக்கின்றனர். ‘இது பெருமை, இது முகஸ்துதி’ எனப் பெரியோர் கடிகின்றனர். கடிதல் எளிது, ஆராய்தல் அன்றோ அறிஞர்க்கு அழகு!

தமிழ் இலக்கணம் இவ்வழக்கை முன்பே விசாரித்துத் தீர்ப்பளித்துள்ளது. எத்துணைப் புதுமை படைத்தவனாயினும் தன்னைத் தான் புகழ்தல் தகாது என்பது நன்னூல் வகுத்த பொதுவிதி. ஆதலின் சிறப்புப் பாயிரத்தை ஆசிரியரோ, உடன் பயின்றவரோ, மாணவரோ, உரைகாரரோ பாடுக என்றார் பவணந்தியார். எனினும், அவரே நான்கு விலக்குகளையும் தந்தார்: அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடையேயும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதும், எதிரி தன்னைப் பழித்த காலையும் புலவன் தன்னைப் புகழலாம்.

திருமறையின் நெறியும் இதற்கு அயலானதன்று. உங்களை நீங்களே பரிசுத்தர் எனப் பாராட்டிக்கொள்ளாதீர் எனத் தடுக்கிறது 53ஆம் அத்தியாயம். ஆனால் 12ஆம் அத்தியாயத்தில், நபி யூசுப் (அலை) எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டு, தாம் காக்கவல்லவர், அறிந்தவர் எனத் தம் தகுதியையும் கூறுகிறார். தன்னை அறியாதாரிடம் தேவை கருதித் தகுதி கூறல் ஆகும் என விரிவுரையாளர் இதனின்று சட்டம் கண்டனர். 1505இல் மறைந்த இமாம் சுயூத்தி தம் வரலாற்றைத் தாமே எழுதி, இறையருளை எடுத்துரைத்தல் எனப் பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினார். தேவைக்கு உரைப்பது வேறு. செருக்கிற்கு உரைப்பது வேறு.

முற்காலப் புலவனுக்கு இத்தேவை குறைவாக இருந்தது. பிறர் அவனுக்காகப் பேசினர். திருவரங்கத்தில் தாயார் சன்னிதி அருகேயுள்ள மண்டபத்தைக் கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றிய இடமாக மரபு காட்டுகிறது. அவ்வரங்கேற்றத்திற்கு முன் பலரின் இசைவைப் பெற அவரும் அலைந்தார் என்பது கதை. உமறுப் புலவருக்குச் சீதக்காதியும் அபுல் காசிமும் வாய்த்தனர். நாகூர் குலாம் காதிறு நாவலருக்குத் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) ஆசிரியராக அமைந்தார். அந்நூற்றாண்டின் நூல்களைத் திறந்தால், பாட்டுக்கு முன்னே பிற புலவர்களின் சாற்றுகவிகள் அணிவகுத்து நிற்கும்.

இன்று வள்ளலும் இல்லை, அவையும் இல்லை. கைப்பேசி ஒன்றே எஞ்சியது. அதன் அவையில் எண்ணிக்கையே நடுவர். விளம்பர வருவாயில் பங்கு தர, யூடியூப் 1,000 சந்தாதாரர்களையும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையையும் கேட்கிறது; குறுங்காணொளிகளாயின் அதற்கும் ஒரு பெருங்கணக்கு உண்டு. இவற்றை எட்ட முயல்வோர் நாள்தோறும் எதையேனும் வெளியிட நேர்கிறது. பாட்டு ஒரு பங்கும் பாடகரின் முகம் ஒன்பது பங்குமாக மாறும் இடம் இதுவே. ‘நீ என்னைப் போற்று, நான் உன்னைப் போற்றுகிறேன்’ என்னும் பண்டமாற்றும் இங்கேதான் பிறக்கிறது. வரம்பு கடந்து புகழ்வோர் முகத்தில் மண்ணை வீசுமாறு நபிமொழி பணித்ததன் பொருளை இங்கு உணரலாம்.

எனவே, அளவுகோல் இதுவாக இருக்கட்டும்: அறிவிக்கப்படுவது படைப்பா, படைத்தவரா? திருவரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன் தம் மனைவியின் பெயரால் ‘சுஜாதா’ என எழுதினார். தம் பெயரை முன்னிறுத்தாமலே ஊரறிந்த எழுத்தாளரானார். திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்ட பெண்ணொருவர் வீட்டாருக்குத் தெரியாமல் எழுதி, ‘சல்மா’ என்னும் புனைபெயரில் கவிதைகளை வெளியிட்டார். 2000இல் அவருடைய முதல் தொகுப்பும், 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்னும் நாவலும் வந்தன. அவர் கருத்துகளை ஏற்காதார் நம்மிடையே உண்டு. ஆயினும், எழுத்தை வெளியிடப் பெயரையே மறைக்க வேண்டிய நிலைக்கு ஒரு பெண்ணைத் தள்ளிய சமுதாயம், இன்று பெயரோடு வெளிவரும் அவள் தங்கையரை ‘விளம்பரப் பிரியை’ எனத் தூற்றுவது எங்ஙனம் நீதியாகும்?

குற்றத்தில் பெரும்பங்கு நம்முடையது. பாலக்கரையிலோ உறையூரிலோ ஒருவர் 300 பிரதி அச்சிட்டால், நாம் கேட்பது இலவசப் பிரதி. பெற்ற பின், படித்தோம் என ஒரு வரி எழுதுவதில்லை. சாற்றுகவி பாட வேண்டியவர் வாய்மூடி இருந்தால், படைத்தவர் வாய்திறக்காமல் என் செய்வார்? அவர் நிற்பது நன்னூலார் சொன்ன ‘ஆற்றலை அறியாதார்’ நடுவே அல்லவா!

படைப்பாளர்க்கு ஒரு சொல்: படைப்பை அறிவியுங்கள், விலையையும் கிடைக்குமிடத்தையும் தயங்காது கூறுங்கள், அத்துடன் நிறுத்தி அடுத்த பணிக்குத் திரும்புங்கள். பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் ஒரு சொல்: அடுத்த நிக்காஹ் விருந்தில் தாம்பூலப் பையுள் நம்மூர்ப் புலவரின் நூலொன்றையும் விலை கொடுத்து வாங்கி வையுங்கள். நல்லதைக் கண்டால் நாலு பேரிடம் நாமே சொல்வோம். நாம் சொல்லத் தொடங்கினால், அவர்கள் தம்மைப் பற்றிச் சொல்ல வேண்டிய தேவை தானே குறையும்.