பிரதியும் பெட்டியும்: வீட்டில் டி.வி. பதிவு செய்வது பற்றிச் சில குறிப்புகள்

1

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்துக்கு எதிரே கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அதற்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகம் முழுக்கப் பரவியிருந்தது. விடிந்ததும் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். டி.வி.க்காரர்கள் வந்தார்கள்.

அங்கே மீன் விற்கிற அக்கா ஒருவர் எனக்குப் பல வருஷப் பழக்கம். அன்று காலை ஒரு சேனலின் மைக்கில் அவர் சில நிமிஷம் பேசியிருக்கிறார். எத்தனை மணிக்கு வாடை வந்தது, யார் யாரை எழுப்பினார்கள், கம்பெனிக்குப் போன் போட்டவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். ஊரே பார்த்தது. அவர் மட்டும் பார்க்கவில்லை, ரோட்டில் உட்கார்ந்திருந்தார். நானும் பார்க்கவில்லை, நைட் ஷிப்ட் முடிந்து வீடு வந்து சேரவில்லை. திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் அக்கா மகன் புத்திசாலித்தனமாகப் பெட்டியில் பென்டிரைவைச் செருகிப் பதிவு பட்டனை அழுத்தியிருந்தான்.

ஓரிரு மாதம் கழித்து ஒரு கூட்டத்தில் அதிகாரி ஒருவர், "அன்னிக்கு நீங்க யாரும் இப்படிச் சொல்லலியே" என்றாராம். அக்கா நேரே என்னிடம் வந்தார். "தம்பி, அத்த ஒரு தபா போட்டுக் காட்டு. நான் இன்னா பேசுனேன்னு எனக்கே முழுசா ஞாபகம் இல்ல."

பென்டிரைவைக் கம்ப்யூட்டரில் போட்டால் கோப்பு இருக்கிறது, திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெட்டியில் போட்டால் 'சாதனம் பொருந்தவில்லை' என்று வருகிறது. எங்கள் வீட்டுப் பெட்டியோ பழுதாகி, ஜனவரியிலேயே கேபிள்காரர் வேறு பெட்டி மாற்றிக் கொடுத்துவிட்டார். அவரைக் கேட்டேன். "அண்ணே, எந்தப் பெட்டியில ஏத்துனீங்களோ அந்தப் பெட்டியிலதான் ஓடும். அது கம்பெனிக்குத் திரும்பிப் போயிடுச்சு. நான் ஒண்ணும் பண்ண முடியாது." அவர் சொன்னது ரொம்பச் சரி. அவர் கையில் எதுவும் இல்லை.

இந்தச் சின்ன விஷயத்தைப் பற்றி ஒரு விமர்சனப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். இருக்கிறது என்பது என் வாதம்.

2

'பிரதி' என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாம் முப்பது வருஷமாகச் சண்டை போட்டு வந்திருக்கிறோம். பிரதிக்குள் ஆசிரியன் இருக்கிறானா செத்துவிட்டானா, வாசகன் பிரதியை உற்பத்தி செய்கிறானா நுகர்கிறானா என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினோம். ஆனால் தமிழில் பிரதி என்றால் நகல் என்றும் அர்த்தம் உண்டு என்பதை நாம் சௌகரியமாக மறந்துவிட்டோம். நகல் கையில் இல்லாதவனுக்கு வாசிப்பு ஏது? நம் சிறுபத்திரிகை உலகமே ஜெராக்ஸ் மிஷினால் வளர்ந்தது. ஒருவர் டெல்லியிலிருந்தோ லண்டனிலிருந்தோ கொண்டுவந்த ஒரு புத்தகம் பத்துப் பேர் கைக்கு ஜெராக்ஸாகப் போனதால்தான் நம்மில் பலர் கோட்பாடு பேசினோம்.

டி.வி. பற்றிய நம் விமர்சனங்களை எடுத்துக்கொள்வோம். 1987-88இல் தூர்தர்ஷனில் வந்த ராமாயணத்துக்கும் இந்துத்துவத்துக்கும் உள்ள உறவு, 1993இல் சன் டி.வி. வந்தபின் பெருகிய மெகா சீரியல்களில் பெண் சித்திரிப்பு, எம்.ஜி.ஆர். பிம்பம் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய நூலைத் தொடர்ந்து வந்த விவாதங்கள். எல்லாம் தேவையானவைதான். ஆனால் இவை அனைத்தும் 'என்ன காட்டப்படுகிறது' என்பதைப் பற்றியவை. காட்டப்பட்டதை யார் வைத்துக்கொள்ளலாம், யார் திரும்பப் போட்டுப் பார்க்கலாம் என்ற கேள்வியை, நான் வாசித்தவரை, நாம் எழுப்பியதே இல்லை.

ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் டி.வி.யின் இயல்பு 'ஓட்டம்' என்றார். தனித்தனி நிகழ்ச்சியாக அல்லாமல் செய்தி, விளம்பரம், படம் எல்லாம் கலந்து ஒரே ஆறாக ஓடுகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். இதைச் சொல்ல அவரே ஒளிபரப்பை வரிசைக்கிரமமாகக் குறித்துக்கொண்டு ஆராய வேண்டியிருந்தது. அதாவது ஓட்டத்தை விமர்சிக்க வேண்டுமானால் முதலில் அதை நிறுத்தத் தெரிய வேண்டும். நிறுத்தும் பட்டன் யார் கையில் இருக்கிறது என்பது ஆக அதிகாரம் சம்பந்தப்பட்ட கேள்வி.

3

அந்தப் பட்டன் ஒரு காலத்தில் நம்மிடம் இருந்தது. எண்பதுகளில் ராயபுரம், காசிமேடு பக்கம் வளர்ந்தவர்களுக்கு 'டெக்' என்றால் தெரியும். பர்மா பஜாரில் வந்து இறங்கிய வி.சி.ஆர்.தான் அது. தெருவில் காசு வசூலித்து ஓரிரவுக்கு டெக்கும் கலர் டி.வி.யும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்ப்போம். என் அப்பா ஹார்பரில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தூர்தர்ஷனில் தமிழ்ப் படம் ஓடும்போது அவர் செகண்ட் ஷிப்டில் இருப்பார். டெக் வைத்திருந்த மேஸ்திரி ஒருவர் படத்தைப் பதிவு செய்து வைத்து, ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுவார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல் சோனி பீட்டாமாக்ஸ் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் சட்டப்படி சரி என்று சொன்னது இந்தக் காரியத்தைத்தான்: ஒளிபரப்பாகும் நேரத்தில் பார்க்க முடியாதவர் வீட்டில் பதிவு செய்து வேறு நேரத்தில் பார்ப்பது. அங்கே அது நுகர்வோர் வசதி. இங்கே அது உழைப்பு சார்ந்த விஷயம். டி.வி.யின் நேர அட்டவணை ஆபீஸ் போய் ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவனுக்காகப் போடப்பட்டது. துறைமுகத்தில் கப்பல் வரும் நேரமும், மணலியில் சங்கு ஊதும் நேரமும் வேறு.

பிறகு பெட்டி வந்தது. 2003 செப்டம்பர் 1 அன்று 'காஸ்' என்ற நிபந்தனை அணுகல் முறை சென்னையில் அமலுக்கு வந்தது. அடுத்த மூன்று வருஷம் நாட்டிலேயே இந்த ஒரு நகரத்தில்தான் அது நடைமுறையில் இருந்தது. இலவச சேனல்களுக்கு மாதம் 72 ரூபாயும் வரியும், கட்டணச் சேனல் வேண்டுமானால் பெட்டி. இதற்கிடையில் 2006இலிருந்து அரசே கலர் டி.வி.யை வீடு வீடாக இலவசமாகக் கொடுத்தது. 2012இல் நான்கு பெருநகரங்களுக்கும் டிஜிட்டல் கேபிள் கட்டாயம் என்றார்கள். சென்னையில் வழக்குகளால் இழுத்தடித்துத்தான் நடந்தது. பழைய ஒயரில் வந்ததை எந்த டெக்கிலும் பதிவு செய்யலாம். புதிய ஒயரில் வருவது பூட்டிய சரக்கு. பெட்டிதான் அதைத் திறக்கும், திறந்ததை மறுபடி தன் பூட்டைப் போட்டுத்தான் பென்டிரைவில் வைக்கும். பழைய பெட்டிகளின் பின்னால் இருக்கும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் வழியே எடுக்கலாம். எச்.டி.எம்.ஐ. ஒயரில் அதற்கும் பூட்டு உண்டு. டி.வி. இலவசம், ஒயர் மலிவு, ஆனால் பார்த்தது உன்னுடையது அல்ல என்பதே ஏற்பாடு.

4

இதில் வேடிக்கை, சட்டம் நம் பக்கம் இருப்பதுதான். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்காக ஒளிபரப்பைப் பதிவு செய்வது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறுவதாகாது என்கிறது. நேர்மையான கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் பதிவு செய்வதும் அப்படியே. 52ஆம் பிரிவிலும் தனிப்பட்ட உபயோகத்துக்கு இடம் இருக்கிறது.

2012இல் திருத்தம் செய்து 65ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை. சட்டம் தடை செய்யாத காரியத்துக்காகத் திறக்கலாம் என்று விலக்கும் உண்டு. ஆனால் அப்படித் திறக்க உதவி செய்கிறவர், யாருக்கு உதவினாரோ அவருடைய பெயர், விலாசம், காரணம் எல்லாவற்றையும் முழுமையாக எழுதி வைத்திருக்க வேண்டும். கவனியுங்கள்: நீ டி.வி.யைப் பதிவு செய்ய வேண்டுமானால் முதலில் நீ பதிவாக வேண்டும். தண்டையார்பேட்டையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பையன் இந்தப் பிரிவையெல்லாம் படித்துப் பார்த்து ரிஜிஸ்டர் போடுவானா? "வேணாம் சார், வம்பு" என்பான். அவன் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டின் குண்டர் சட்டத்தில் சாராயக்காரர், குடிசைப்பகுதி நிலம் பறிப்பவர் வரிசையில் 2004இல் 'வீடியோ திருடர்'களும் சேர்க்கப்பட்டார்கள். ஜாமீனுக்கு வழியில்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். அது சினிமாப் படங்களின் திருட்டு நகலுக்கானது, செய்தியைப் பதிவு செய்வதற்கு அல்ல. ஆனால் வடசென்னையில் கையில் நாலு சி.டி.யோடு நடந்துபோன எந்தப் பையனிடமும் அந்த வித்தியாசத்தை யாரும் நின்று விளக்கியதில்லை.

ஆக உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, மறுப்பு பெட்டிக்குள் இருக்கிறது. சட்டத்தை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகலாம், போராடலாம். பெட்டியோடு யார் வாதாடுவது? அதிகாரம் தடைச் சட்டமாக வராமல் ஒரு கருவியின் வடிவமைப்பாக வரும்போது அது அதிகாரமாகவே தெரிவதில்லை, 'பெட்டி அப்படித்தான் சார்' என்று இயற்கை நியதி போல் ஆகிவிடுகிறது. கருத்தியல் செயல்படும் விதம் பற்றி நாம் படித்ததெல்லாம் இதுதானே.

இன்னொன்றும் இருக்கிறது. மத்திய அரசின் விதிமுறைப்படி ஒவ்வொரு சேனலும் தான் ஒளிபரப்பியதை 90 நாள் பதிவாக வைத்திருந்து, அரசு அமைப்பு கேட்டால் கொடுக்க வேண்டும். டெல்லியில் 2008இலிருந்து ஒரு கண்காணிப்பு மையம் நூற்றுக்கணக்கான சேனல்களைப் பதிவு செய்து வருகிறது. அதாவது அந்த டிசம்பர் காலையில் அக்கா பேசியது 90 நாள் பத்திரமாக இருந்தது. அரசாங்கம் கேட்டால் கிடைத்திருக்கும். பேசியவர் கேட்டால் கிடைக்க எந்த விதியும் இல்லை. 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி அச்சாகும் புத்தகத்தின் ஒரு பிரதி எழும்பூர் கன்னிமரா நூலகத்துக்குப் போக வேண்டும், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கலாம். எழுதத் தெரிந்தவனின் சொல்லுக்கு ஒரு பாதுகாப்பு. வாயால் பேசியவளின் சொல்லுக்கு 90 நாள், அதுவும் அவளுக்கு இல்லை.

5

எதிர்வாதங்களைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. திருட்டு நகலால் சினிமாத் தொழிலாளியின் பிழைப்பு பாதிக்கப்படுகிறது என்பது உண்மை. அதற்கான பதில் விற்பவனைப் பிடிப்பது, வீட்டில் பார்ப்பவனின் கையைக் கட்டுவது அல்ல. ஜெர்மனியில் 1965இலேயே பதிவுக் கருவி மீது ஒரு சிறு தீர்வை விதித்து, அதைப் படைப்பாளிகளுக்குப் பங்கிட்டு, வீட்டுப் பதிவை அனுமதித்தார்கள். இரண்டு பக்கமும் பிழைக்க வழி இருக்கிறது.

'இப்போதான் எல்லாமே யூடியூப்ல இருக்கே தோழர்' என்பது இரண்டாவது வாதம். இருக்கிறது, சேனல் விரும்பும்வரை. சேனல் தேர்ந்தெடுத்த துண்டு, சேனல் வைத்த தலைப்பில். காலை நேரலையில் வந்த முழுப் பேச்சு சாயந்திரத் தொகுப்பில் பத்து விநாடி ஆகிவிடும். அக்கா பேசியதை நான் தேடினேன். அவர் அழுத இடம் மட்டும் கிடைத்தது. நேரம், போன், பதில் என்று அவர் வரிசையாகச் சொன்னது இல்லை. சாட்சியாக வந்தவர் பரிதாபத்துக்குரியவராக மிச்சமானார். இந்த வேலையைச் செய்தது எந்தச் சதியும் அல்ல, வழக்கமான எடிட்டிங்.

அமெரிக்காவில் பிலடெல்பியாவைச் சேர்ந்த மேரியன் ஸ்டோக்ஸ் என்ற கறுப்பினப் பெண், நூலகராகவும் அரசியல் செயல்பாட்டாளராகவும் இருந்தவர், 1970களின் கடைசியிலிருந்து 2012இல் சாகும்வரை வீட்டில் வி.சி.ஆர்.களை வைத்து இரவும் பகலும் டி.வி. செய்திகளைப் பதிவு செய்தார். சுமார் எழுபதாயிரம் கேசட். சேனல்களே பழைய டேப்பை அழித்து அதன் மேலேயே புதியதைப் பதிவு செய்துகொண்டிருந்த பழக்கம் உலகமெங்கும் இருந்தது. அப்படிப்பட்ட காலத்துச் செய்திகள் ஒரு தனிமனுஷியின் வீட்டில் மிஞ்சின. இன்றைய பெட்டியை வைத்து எண்ணூரில் ஒருத்தி அதைச் செய்ய முடியாது. பெட்டி மாறிய நாளில் எழுபதாயிரமும் செத்துப்போகும்.

கடைசியாக அக்காவுக்குக் கிடைத்தது இது. குப்பத்தில் ஒரு பெண் அன்று காலை டி.வி. திரையைத் தன் செல்போனில் படம் பிடித்திருந்தாள். நாற்பது விநாடி. திரை கோணலாக இருக்கிறது, மின்விசிறி சத்தம் கேட்கிறது. வீட்டிலிருந்தவர்கள் "பாரு பாரு, நம்ம அக்கா" என்று கத்தியதில் அக்கா சொன்ன மணி எத்தனை என்பது காதில் விழவில்லை. 2024 ஜூலையில் வந்த புதிய சாட்சியச் சட்டப்படி மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் வைக்கக் கருவிக்குப் பொறுப்பானவரின் சான்றிதழும் நிபுணரின் கையெழுத்தும் வேண்டும். நாற்பது விநாடிக்கு யார் அலைவது? அக்கா அதை இரண்டு தரம் பார்த்தார். "டைம்தான் தம்பி முக்கியம், அதான் கேக்கல" என்றார்.

எழுதுகிறவர்களும் இயக்கங்களில் இருக்கிறவர்களும் உடனடியாகக் கேட்கக்கூடியவை மூன்று. தன்னைப் பற்றி, தன் ஊரைப் பற்றி ஒளிபரப்பானதன் முழு நகலை 90 நாளுக்குள் கேட்டுப் பெறும் உரிமை குடிமக்களுக்கு வேண்டும். புத்தகத்துக்கு இருப்பது போல் செய்தி ஒளிபரப்புக்கும் பொது நூலகத்தில் ஒரு பிரதி இருக்க வேண்டும். 39ஆம் பிரிவு அனுமதிக்கும் பதிவைத் தடுக்கும் பெட்டியை விற்கக் கூடாது என்று டிராய் விதி செய்ய வேண்டும். இவை கிடைக்கும்வரை, போராட்டக் களத்துக்கு டி.வி. கேமரா வரும்போது நம் தோழர்களில் ஒருவர் பக்கத்தில் நின்று அதே பேச்சை முழுசாகத் தன் போனில் எடுத்து, தேதி, நேரத்தோடு இரண்டு இடத்தில் வைக்கட்டும். அன்று எங்களுக்கு அது தோன்றவில்லை. டி.வி.யில் வருகிறதே, போதும் என்று இருந்துவிட்டோம்.