உயர்கல்வி ஆங்கிலமும் தமிழ்ப் பாயிர மரபும்

ஒரு மொழியிற் பேசக் கற்றல் வேறு; அம்மொழியிலே ஒரு துறையை ஆராய்ந்து, தன் முடிபினை நிறுவி எழுதக் கற்றல் வேறு. முன்னது சந்தைக்கும் பயணத்துக்கும் போதுமானது. பின்னதே பல்கலைக்கழகம் வேண்டுவது. 1942ஆம் ஆண்டு தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் ஆங்கிலத்தையே போதனாமொழியாகக் கொண்டிருந்தது. 1960இற் கலைத்துறை மாணவர் சிங்களத்திலும் தமிழிலும் கற்கப் புகுந்தனர். அது முதல் அவர்களுக்கு ஆங்கிலம் ஒரு தனிப்பாடமாயிற்று. மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளிலோ இன்றும் ஆங்கிலமே ஆட்சி செலுத்துகின்றது. ஆதலின், முன்னேஸ்வரம், உடப்பு முதலிய ஊர்களிலே உயர்தர வகுப்பு வரை தமிழிற் கற்ற மாணவர், எத்துறையிற் புகினும், ஆங்கிலத்தை ஏதோவொரு வகையில் எதிர்கொண்டே தீரவேண்டும். அவர்களுக்கு அதனை எவ்வாறு கற்பிப்பது என்பதே வினா.

இவ்வினாவைத் தமிழ் மாணவரின் வகுப்பறையிலே நின்று ஆராய்ந்தவர் பேராசிரியர் சுரேஷ் கனகராஜா. போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கற்பித்த அவர், ஆங்கிலம் கற்பித்தலில் மொழி ஏகாதிபத்தியத்தை எதிர்த்தல் பற்றிய தம் நூலை 1999இல் வெளியிட்டார். கலைத்துறை முதலாண்டு மாணவர் இருபத்திருவரைக் கொண்ட ஒரு வகுப்பு அவருடைய ஆய்வுக்களமாயிற்று. அங்கு வழங்கிய பாடநூல் 'அமெரிக்கன் கேர்ணல் லெசன்ஸ்' என்பது. அமெரிக்க நகர வாழ்க்கையைச் சித்திரிக்கும் உரையாடல்கள் அதில் நிறைந்திருந்தன. குண்டுவீச்சினிடையே கற்ற மாணவருக்கு அவ்வாழ்க்கை அந்நியமாயிருந்தது. பாடநூலின் ஓரங்களிலே அவர்கள் தமிழ்க் குறிப்புக்களை எழுதினர், படங்களை வரைந்தனர். நாளடைவில் வகுப்புக்கு வருவோர் தொகை குறைந்தது. உரையாடற் பயிற்சியை விடுத்து இலக்கணம் கற்பிக்குமாறும் அவர்கள் வேண்டினர்.

இச்செயல்களை வெறும் சோம்பல் என்று தள்ளாது அவற்றின் உட்பொருளை நாடியமை அந்நூலின் தனிச்சிறப்பாகும். மாணவரின் செயல் முழுத் தெளிவுடைய எதிர்ப்பு அன்று, ஈரடித் தன்மையுடையது என்று கூறும் நேர்மையும் அதன்கண் உண்டு. எனினும் ஒரு குறை தோன்றுகின்றது. மாணவர் எதனை ஒதுக்கினர் என்பது விரிவாகப் பேசப்படுமளவுக்கு, அவர்கள் தம்முடன் எதனைக் கொண்டுவந்தனர் என்பது பேசப்படவில்லை. இலக்கணம் வேண்டும் என்ற அவர்களது கோரிக்கையைத் தேர்வு பற்றிய அச்சமாகவோ பழைமைப் பற்றாகவோ மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. விதியை அறிந்து, உதாரணம் கண்டு, பின்னர் வழக்கோடு ஒப்புநோக்குதல் தமிழ்க் கல்வியின் நெடிய நெறி. அந்நெறியில் வளர்ந்த மாணவன் அறிவு தேடும் வழியையே அக்கோரிக்கை காட்டிற்று எனலாம்.

மேனாட்டார் வகுத்த ஆராய்ச்சிக் கட்டுரை முறையை நோக்குவோமாயின் இது மேலும் விளங்கும். ஜோன் சுவேல்ஸ் என்பார் 1990இல் வெளியிட்ட நூலிலே, ஆங்கில ஆய்வுக் கட்டுரையின் முன்னுரை மூன்று படிகளில் நடைபெறும் என்றார். களத்தைக் காட்டுதல் முதற்படி. அக்களத்தில் தமக்கோர் இடத்தை உண்டாக்குதல் இரண்டாம் படி. அவ்விடத்தை நிரப்புதல் மூன்றாம் படி. இரண்டாம் படியினை முன்னோர் கூற்றை மறுத்தோ, குறையைச் சுட்டியோ, வினா எழுப்பியோ, முன்னோர் வழியைத் தொடர்ந்தோ அடையலாம் என்பது அவர் கருத்து.

இவற்றைப் புதியன என்று கருதித் தமிழ் மாணவன் அஞ்ச வேண்டுமா? பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலாசிரியர் கொள்ளும் மதங்கள் ஏழு என்று வகுத்துள்ளது. உடன்படுதலும், மறுத்தலும், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதலும், இருவர் முரணுமிடத்து ஒன்றைத் துணிதலும், பிறர் நூலிற் குற்றங் காட்டலும் அவற்றுட் சில. நூலின் எல்லையும், நுதலிய பொருளும், கேட்போரும், பயனும் சிறப்புப் பாயிரத்திற் கூறப்படவேண்டும் என்றும் அந்நூல் விதிக்கின்றது. கூறியது கூறலும், மிகைபடக் கூறலும், மாறுகொளக் கூறலும் குற்றம் என்பதை ஆங்கில ஆசிரியரும் மறுக்கமாட்டார்.

இரண்டும் முற்றும் ஒன்றே என்று சாதித்தல் ஆகாது. நம் உரையாசிரியர் 'என்ப' என்றும் 'ஒருசாரார்' என்றும் பெயர் சுட்டாது செல்லும் இடங்கள் பல. ஆங்கில ஆய்வு மரபோ பெயரையும் ஆண்டையும் பக்கத்தையும் வேண்டி நிற்கும். அவையடக்கம் கூறித் தொடங்குதல் நமக்குப் பண்பு. அங்கோ, குறையைச் சுட்டித் தன் இடத்தை நிறுவுதல் முறை. வேற்றுமை இன்னது எனக் காட்டிக் கற்பித்தால் மாணவன் இரு மரபையும் அறிவான். காட்டாது விடின், ஆங்கிலக் கட்டுரையிலே தான் பெறும் குறைந்த புள்ளியைத் தன் அறிவின் குறையாகவே எண்ணுவான்.

ஆகவே ஆங்கில வகுப்பிற் செய்யத்தக்கது அரியதன்று. மாணவன் கற்கும் துறையிலிருந்தே வாசிப்புப் பகுதிகளைத் தெரிதல் வேண்டும். ஆசிரியர் எவ்விடத்து உடன்படுகிறார், எவ்விடத்து மறுக்கிறார் என்பதை மாணவன் முதலில் தமிழிற் கூறட்டும். பின்னர் அக்கருத்தை உணர்த்தும் ஆங்கிலத் தொடர்களைக் கற்கட்டும். 'போலும்', 'எனலாம்' என நாம் கருத்தின் உறுதியைத் தளர்த்திக் கூறும் இடங்களில் ஆங்கிலம் எத்தொடரை ஆளும் என்று ஒப்பிட்டு நோக்கட்டும். இலக்கணம் இவ்வாறு பொருளோடு சேர்ந்து வருமாயின் அது சுமையாகாது.

இதனால் விளைவது தேர்வுப் புள்ளி மாத்திரமன்று. நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கரையோர ஊர்கள் பலவற்றிலே தமிழ் பேசிய குடும்பங்கள் சில தலைமுறைகளுள் சிங்களம் பேசுவனவாயின. பாடசாலை மொழி மாறிய இடத்து வீட்டு மொழியும் மாறியமையை அவ்வரலாறு காட்டும். தமிழ் சிந்தனைக்கு உதவாது என்ற எண்ணத்தை ஆங்கில வகுப்பு ஊட்டுமாயின், எஞ்சியுள்ள ஊர்களிலும் அந்நிலை நேரக்கூடும்.

இதற்கு மாறான சான்றும் இக்கரையிலேயே உண்டு. 1807இற் கற்பிட்டியிற் பிறந்து, சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாய் விளங்கிய சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். அதற்குக் கிரேக்க ஆசிரியர் புளூட்டாக்கின் பெயரை இணைத்துத் 'தமிழ் புளூட்டாக்' என்று பெயரிட்டார். ஆங்கிலம் அவரைத் தமிழிலிருந்து பிரிக்கவில்லை. தமிழை உலகுக்கு உரைக்கும் கருவியாய் அமைந்தது. அத்தகையோரை மீண்டும் உருவாக்க விழையும் ஆங்கில ஆசிரியர் நன்னூலையும் அறிந்திருத்தல் நன்று.