ஏழு நிமிடப் பேச்சும் ஒரு நிமிட மௌனமும்

"இறுதியாக ஒன்றே ஒன்று" என்று சொல்லிவிட்டு மேலும் இருபது நிமிடம் பேசுகிறவர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்தோடு சென்னையில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி அமைப்பின் ஒரு கிளப்பில் மாலைக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தால், அங்கு நிலவும் ஒழுங்கு வியக்க வைக்கும். தயாரித்து வந்த பேச்சுக்குப் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நிமிடம். ஐந்தில் பச்சை விளக்கு, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. விளக்கு இல்லாத இடத்தில் அதே நிறங்களில் அட்டை. ஒருவர் நேரம் குறிக்கிறார், ஒருவர் மொழியைக் கவனிக்கிறார், இன்னொருவர் "ஆ", "ம்" என்ற இழுவைகளை எண்ணுகிறார். பேச்சுகள் முடிந்ததும் ஒவ்வொரு பேச்சாளருக்கும் ஓர் உறுப்பினர் எழுந்து, எது நன்றாக அமைந்தது, எதை மாற்றலாம் என்று இரண்டு மூன்று நிமிடங்களில் எடுத்துச் சொல்கிறார்.

இந்த மதிப்பீடுதான் இவ்வியக்கத்தின் உயிர். 1924 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சாண்டா அனா நகர ஒய்.எம்.சி.ஏ.வில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய இந்தக் கிளப்பில் ஆசிரியர் என்று யாருமில்லை. இன்று இழுவைகளை எண்ணுகிறவர் அடுத்த வாரம் பேசுவார். இன்று பேசியவர் அடுத்த வாரம் மதிப்பிடுவார். ஆண்களுக்கென்றே தொடங்கிய அமைப்பு, பெண்களை முறைப்படி உறுப்பினராக ஏற்க 1973 வரை எடுத்துக்கொண்டது பெரிய குறை. ஆனால் சமமானவர்கள் ஒருவரை ஒருவர் வளர்த்துக்கொள்வது என்ற அடிப்படை அன்றும் இன்றும் வலுவானது. தமிழ்வழியில் படித்துவிட்டு வேலைக்கான நேர்காணலில் ஆங்கிலத்தில் வாய் அடைத்துப்போகும் ஓர் இளைஞருக்கு, இருபது பேர் சிரிக்காமல் கேட்கும் ஓர் அறை கிடைப்பது சாதாரண உதவி இல்லை. எத்தனையோ இலக்கண வகுப்புகளால் தர முடியாத தைரியத்தை அந்த அறை தருகிறது.

வழக்கமான கூட்டத்திலும் குறைகள் உண்டு. முதலில் பாராட்டு, நடுவில் ஒரு திருத்தம், முடிவில் மறுபடி பாராட்டு என்ற வாய்பாடு பல கிளப்புகளில் சடங்காகிவிட்டது. திருத்தம் பாராட்டுக்குள் கரைந்து காணாமல் போகிறது. இழுவைகளை எண்ணுவதும் அப்படித்தான். "வந்து", "பாத்தீங்கன்னா" என்பவற்றைக் குறைப்பது நல்லது. ஆனால் அந்த எண்ணிக்கைக்கு அஞ்சி மனப்பாடம் செய்தவர் ஒப்பிப்பதைவிட, யோசித்துத் தயங்கிப் பேசுகிறவரின் பேச்சையே நான் விரும்பிக் கேட்பேன்.

என் முதன்மையான வருத்தம் போட்டி நாளைப் பற்றியது. கிளப், ஏரியா, டிவிஷன், மாவட்டம் என்று படியேறி உலக இறுதிச் சுற்று வரை போகும் சர்வதேசப் பேச்சுப் போட்டி, திறமைக்கு வாசல் திறந்திருக்கிறது. அதை மறுக்க முடியாது. 2014-இல் இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி, 2015-இல் சவூதி அரேபியாவின் முகமது கஹ்தானி, அடுத்த இரண்டு ஆண்டுகளில் சிங்கப்பூரிலிருந்து டேரன் டே, மனோஜ் வாசுதேவன் என ஆசியாவைச் சேர்ந்தவர்கள் தொடர்ந்து உலகப் பட்டம் வென்றார்கள். அமெரிக்க உச்சரிப்பு இல்லாதவர் வெல்ல முடியாது என்ற சந்தேகத்துக்கு அதுவே பதில். நான்கரை நிமிடத்துக்குக் குறைந்தாலும் ஏழரை நிமிடத்தைத் தாண்டினாலும் தகுதி நீக்கம் என்ற கறாரையும் நான் ஆதரிக்கிறேன். கேட்பவரின் நேரத்தை மதிப்பது பேச்சாளரின் முதல் கடமை.

ஆனால் போட்டி நடக்கும் மாலையில் மதிப்பீட்டுக்கு இடமில்லை. ஒவ்வொரு பேச்சும் முடிந்ததும் ஒரு நிமிடம் அறை மௌனமாகிறது; நடுவர்கள் மதிப்பெண் இடுகிறார்கள். உள்ளடக்கத்துக்குப் பாதி, வெளிப்பாட்டுக்கு 30, மொழிக்கு 20 என்று படிவம் பிரித்துத் தந்திருக்கிறது. வாக்குச்சீட்டுகளை எண்ணி முடித்து முடிவு அறிவித்த பிறகு அவற்றை அழித்துவிடுவது நடைமுறை. நடுவர்களைச் சங்கடத்திலிருந்து காக்க அது தேவைதான். ஆனால் தோற்றவருக்கு ஏன் தோற்றோம் என்று யாரும் சொல்வதில்லை. முடிவுக்குக் காத்திருக்கும் நேரத்தில் போட்டியாளர்களை மேடைக்கு அழைத்து, அவர்களைப் பற்றி இரண்டொரு கேள்வி கேட்டுச் சான்றிதழ் தருகிறார்கள். அந்தப் பேச்சைப் பற்றி ஒரு சொல் கிடையாது. மாதக்கணக்கில் உழைத்துத் தீட்டிய பேச்சு, அந்தக் கிளப்பில் மிகச் சுமாரான பேச்சுக்கும் கிடைக்கும் கவனத்தைப் பெறாமல் போகிறது.

விளைவு என்ன? காரணம் தெரியாதவர் வென்றவரின் அச்சைப் பார்த்துப் படிக்கிறார். திடுக்கிட வைக்கும் தொடக்கம், வாழ்க்கையில் ஒரு வீழ்ச்சி, அப்பாவோ ஆசிரியரோ சொன்ன ஒரு வாக்கியம், எழுச்சி, கடைசியில் "உங்களாலும் முடியும்". இந்த அமைப்பில் உண்மையான வேதனை பேசியவர்களும் உண்டு. அவர்களைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தன் வார்டின் மழைநீர் வடிகாலைப் பற்றித் தர்க்கத்தோடு பேச ஒருவர் முன்வந்தால், இந்த மேடையில் அவர் எடுபடுவது கடினம். நம் பட்டிமன்றத்தில் எதிரணி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. சொல்லும் வாதத்துக்குச் சற்று நேரத்தில் பதில் வரும் என்ற அச்சம் பேச்சாளரைக் கூர்மையாக்குகிறது. இங்கே யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அதனால் கருத்து சோதிக்கப்படாமலே கைதட்டல் பெறுகிறது.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் போட்டிகளில் நான் மிக உயர்வாக மதிப்பது மதிப்பீட்டுப் போட்டியை. ஒருவர் மாதிரிப் பேச்சு நிகழ்த்துகிறார். போட்டியாளர்கள் கேட்டுவிட்டு வெளியே போய், குறிப்பெழுத ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவராக உள்ளே வந்து இரண்டு மூன்று நிமிடத்தில் மதிப்பிடுகிறார்கள். ஒப்பிக்க வழியே இல்லை. காது கொடுத்துக் கேட்டவரே வெல்வார். கிளப் ஆண்டு முழுவதும் கற்றுத்தருவதை நேராகச் சோதிப்பது இதுதான். ஆனால் உலக மேடை வரை போகும் வாய்ப்பு இதற்குக் கிடையாது, மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது.

விதிகளை மாற்றக் காத்திருக்காமல் கிளப்புகள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நடுவர்கள் தங்கள் சீட்டுகளோடு ஒதுங்கியிருக்கட்டும். நடுவராக இல்லாத மூத்த உறுப்பினர் ஒருவரைப் போட்டியாளர் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கி, அடுத்த வாரக் கூட்டத்தில் மூன்று நிமிடம் அந்தப் போட்டிப் பேச்சை மட்டும் மதிப்பிடச் சொல்லலாம். வென்றவரின் பேச்சையும் விட்டுவிட வேண்டாம். அடுத்த சுற்றுக்குப் போவதற்குள் அவருக்கும் யாராவது உண்மையைச் சொல்ல வேண்டும்.